கணக்கில் ஏறிய பாலும் கணக்கில் ஏறாத மீனும்

காட்டுப்பள்ளி – எண்ணூர் கழிக்கரை வரலாற்றில் ஒரு பக்கம்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். விடுதி, கேன்டீன், பேராசிரியர்களின் பட்டப்பெயர்கள் என்று நம் நினைவுகளை அழகாக எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். நான் விலங்கியல் மாணவன். பிறகு வரலாற்றில் ஆசை வந்தவன். ஆகவே நம் கல்லூரிக்கு வடக்கே, ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் கிடக்கும் ஒரு மணல் தீவைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அந்தத் தீவின் பெயர் காட்டுப்பள்ளி.

இன்றைய மாணவர்களுக்குக் காட்டுப்பள்ளி என்றால் துறைமுகம்தான் நினைவுக்கு வரும். வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கிழக்கே வங்கக்கடல். மேற்கே கொசஸ்தலை ஆற்றின் கழியும் பக்கிங்காம் கால்வாயும். தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு. இரண்டு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நீண்ட மணல்திட்டு இது. ஆற்றின் நல்ல தண்ணீரும் கடலின் உப்புத் தண்ணீரும் கலக்கும் இடம். அந்தக் கலப்பில்தான் இந்தப் பகுதியின் பிழைப்பு இருந்தது என்றால் அது மிகையன்று.

மின்சாரமும் பெட்ரோலும் கொடுப்பதற்கு முன்பு, வட சென்னை இந்த நகரத்துக்குச் சோறு போட்டது. உப்பு கொடுத்தது, மீன் கொடுத்தது, பால் கொடுத்தது. இவற்றில் பாலும் மீனும் ஏழைக் குடும்பங்கள் அன்றாடம் விற்றுக் காசாக்கும் பொருள்கள். இரண்டும் சீக்கிரம் கெட்டுப்போகும். இரண்டிலும் இடைத்தரகர் உண்டு. ஆனால் பால் அரசாங்கக் கணக்கில் ஏறியது. கழியில் பிடித்த மீன் ஏறவில்லை. இந்த ஒரு வித்தியாசம் பிற்காலத்தில் எவ்வளவு பெரிய வித்தியாசமாயிற்று என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெண்டர் பெட்டியில் கண்ட இரண்டு தொழில்கள்

1980-களில் கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் வந்துபோன நண்பர்களுக்கு வெண்டர் பெட்டி ஞாபகம் இருக்கும். நம் பெட்டியில் இடமில்லாதபோது அதில்தான் தொற்றிக்கொள்வோம். ஒரு பக்கம் பால் கேன்கள், மறு பக்கம் மீன் கூடைகள். பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்துப் பால்காரர்கள் கேன் மூடியில் கயிறு கட்டி வைத்திருப்பார்கள். அத்திப்பட்டு, எண்ணூரில் மீன்கார அம்மாக்கள் ஏறுவார்கள். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டும். நம் பேன்ட் நாறும். கிளாசுக்குள் நுழைந்ததும் முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்!

விலங்கியல் படிக்கிற திமிரில் கூடைக்குள் எட்டிப் பார்த்து மீன் பெயர் கேட்பேன். "இன்னா தம்பி, காலேஜ் பையன் நீ எங்கிட்ட கேக்கற?" என்று சிரிப்பார்கள். பிறகு சொல்வார்கள்: மடவை, கெளுத்தி, கிழங்கான், கொடுவா, வெள்ளை இறால், பச்சை நண்டு. "மொகத்துவாரம் தொறந்து கெடந்தா இதெல்லாம் உள்ள வரும் தம்பி. மூடிக்கிச்சின்னா ஒண்ணும் கெடைக்காது" என்று ஒரு அம்மா சொன்னார். எங்கள் பாடப்புத்தகம் பல பக்கங்களில் சொன்னதை அந்த அம்மா இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

பால்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் அது வேறு மாதிரி இருக்கும். சங்கத்தில் என்ன விலை, கொழுப்பு எத்தனை புள்ளி, போன வாரம் எத்தனை லிட்டர் என்று எண்களாகவே வரும். மீன்கார அம்மாவிடம் எண் கேட்டால், "இன்னிக்குப் பரவால்ல, நேத்து ஒண்ணுமில்ல" என்பதுதான் பதில். அப்போது இந்த வேறுபாட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று நினைத்தால் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

பால் எப்படிக் கணக்கில் ஏறியது?

நம் நாட்டில் கால்நடைகளை எண்ணும் பழக்கம் 1919-இல் தொடங்கியது. அன்று முதல் ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை பசு, எருமை, ஆடு, கோழி எல்லாவற்றையும் வீடு வீடாகப் போய் எண்ணுகிறார்கள். 2019-இல் நடந்தது 20-ஆவது கணக்கெடுப்பு. மனிதனுக்கு அடுத்தபடி இந்த நாட்டில் ஒழுங்காக எண்ணப்பட்ட உயிர் மாடுதான்!

பழைய சென்னையில் கறவை மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்து, கண்ணெதிரில் கறந்து கொடுப்பார்கள். தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. நகரம் பெருத்தபோது அந்த முறை தாங்கவில்லை. 1958-இல் மாநிலத்தில் பால்வளத்துறை தனித் துறையாயிற்று. 1963-இல் மாதவரத்தில் பால் பண்ணை வந்தது. நம்மில் பலர் 'பால் பண்ணை' பஸ் ஸ்டாப்பில் இறங்கி ஏறியவர்கள்தான். 1970-இல் தேசிய பால்வள வாரியம் 'வெண்மைப் புரட்சி' திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் கட்டத்தில் பால் அனுப்பத் தேர்ந்தெடுத்த 4 பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. 1981 பிப்ரவரியில் தமிழ்நாடு கூட்டுறவு பால் உற்பத்தியாளர்கள் இணையம் பதிவாயிற்று. ஆவின் என்று நாம் அழைப்பது அதைத்தான்.

இந்த வரலாற்றில் கட்டடங்களையும் இயந்திரங்களையும் விட முக்கியமானது ஒரு சின்ன அட்டை. கிராமத்துப் பால் சங்கத்தில் காலையும் மாலையும் பாலை அளப்பார்கள். லாக்டோமீட்டர் விட்டுப் பார்ப்பார்கள். கொழுப்பும் இதர சத்தும் பார்த்து விலை போடுவார்கள். எல்லாம் உறுப்பினரின் அட்டையில் ஏறும். ஒரே ஒரு எருமை வைத்திருக்கும் விதவைத் தாய்க்கும் அந்த அட்டை உண்டு. அதைக் காட்டி மாட்டுக் கடன் கேட்கலாம், மாடு செத்தால் காப்பீடு கேட்கலாம், விலை போதவில்லை என்றால் "என் பால் இத்தனை லிட்டர், எனக்கு இவ்வளவு நஷ்டம்" என்று கணக்கோடு சண்டை போடலாம். பால்காரர்களின் கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. விலைக்காகப் பாலைச் சாலையில் கொட்டிப் போராடியவர்களும் அவர்கள்தான். ஆனால் கொட்டிய பால் எத்தனை லிட்டர் என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

கழியின் கணக்கு வேறு

இப்போது கழிக்கு வருவோம். முதலில் கொஞ்சம் விலங்கியல்; மற்ற துறை நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்!

நாம் விரும்பிச் சாப்பிடும் வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் நீரோட்டத்தோடு முகத்துவாரம் வழியே கழிக்குள் வரும். ஆழமில்லாத, சேறும் செடியும் உள்ள, உப்பு குறைந்த தண்ணீரில் சில மாதங்கள் வளரும். பிறகு கடலுக்குத் திரும்பி இனப்பெருக்கம் செய்யும். மடவையும் கொடுவாயும்கூட இப்படி இரண்டு தண்ணீருக்கும் சொந்தக்காரர்கள். ஆக, கடல் தாய்வீடு என்றால் கழி வளர்ப்பு வீடு. முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும், மேலிருந்து நல்ல தண்ணீர் வர வேண்டும், தரைச் சேறு கெடாமல் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று போனாலும் வலை காலி.

இந்தக் கழியை நம்பி ஒரே வகை மக்கள் இருக்கவில்லை. முகத்துவாரக்குப்பம், எண்ணூர்க்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் என்று ஊர் ஊராக மீனவர்கள். படகும் வலையும் இல்லாத இருளர் மக்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் சேற்றைத் தடவி இறாலும் நண்டும் பிடிப்பார்கள். பிடித்ததைப் பனையோலைப் பறியில் போட்டுக்கொள்வார்கள். இதில் பெண்கள் அதிகம். கரையில் உப்பளம். உப்பளத்தை அடுத்த வெளியில் உமரிச் செடிக்கும் கண்டல் இலைக்கும் ஆடு மாடுகள் மேயும். வட மாவட்டத்துச் செம்மறிக்கு 'மெட்ராஸ் ரெட்' என்று கால்நடை அறிவியலில் தனி இனமாகவே பெயர் உண்டு. மழைக்காலத்தில் மீன், கோடையில் உப்பு, ஆண்டு முழுவதும் ஆடு மாடு என்று ஒரே குடும்பம் மூன்றையும் தொட்டுப் பிழைத்ததும் உண்டு.

இவர்களிடம் கணக்கே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பழவேற்காட்டில் 'பாடு' என்ற முறை இன்றும் பேசப்படுகிறது. ஏரியில் நல்ல மீன் விழும் இடங்களைப் பிரித்து, எந்த நாளில் எந்த ஊர், எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இதில் பேர்பெற்றவை. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரும். யாரும் ஒரே இடத்தைக் காலமெல்லாம் பிடித்துக்கொள்ள முடியாது. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து. போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடந்த நிர்வாகம் இது.

அதே சமயம் அது எல்லோருக்குமான முறையும் அல்ல. பாட்டுக்குள் பங்கு பட்டினவர் சமூகத்து ஆண்களுக்கு. மற்ற ஊராருக்கும் இருளருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. 1980-களில் இறால் ஏற்றுமதிக்கு விலை ஏறியபோது, உள்ளே இருப்பவர்களுக்கும் வெளியே நின்றவர்களுக்கும் தகராறு முற்றியது. நியாயமான முறை என்று நாம் மெச்சும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கு முழுவதும் வாயிலும் மனதிலும் இருந்தது. எத்தனை கிலோ, என்ன விலை என்பது வியாபாரியின் நோட்டில் இருந்தது. அவர் முன்பணம் கொடுத்தவர். மீன் அவருக்குத்தான் போகும். சங்கத்து அட்டை மாதிரி, பிடித்தவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

அரசாங்கத்துக்குத் தெரியாதா?

தெரியும்! அதுதான் வியப்பு. பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் 1873-லேயே இந்தியாவின் நன்னீர் மீன்வளம் பற்றிப் பெரிய அறிக்கை எழுதினார். சிறு கண் வலையால் மீன் குஞ்சுகள் அழிவதை அப்போதே எச்சரித்தார். 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை அது தடுத்தது. 1905-இல் பிரடெரிக் நிக்கல்சன் சென்னை மாகாண மீன்வளத்தை ஆராய நியமிக்கப்பட்டார். 1907-இல் மீன்வளத்துறை பிறந்தது. அவரோடு பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல் சென்னைக் கரையோரக் கழிகளின் சிப்பிகளை ஆராய்ந்தவர்.

அறிவு இருந்தது, துறை இருந்தது. ஆனால் நிலத்துக்கு அடங்கல் இருப்பதுபோல் தண்ணீருக்கு இல்லை. வருவாய்த்துறைப் பதிவேட்டில் கழி என்பது புறம்போக்கு. கரை உப்பு இலாகாவுக்கு, கால்வாய் பொதுப்பணித் துறைக்கு. அந்தப் புறம்போக்குத் தண்ணீரில் எந்தக் குடும்பம் ஆண்டுக்கு எத்தனை கிலோ எடுக்கிறது என்ற பத்தி எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறவில்லை. மாநிலம் முழுவதற்கும் உள்நாட்டு மீன் உற்பத்தி என்று ஒரு மதிப்பீடு வரும். அதில் ஒரு ஊரின் கழியைத் தேடிப்பிடிக்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 1990-களில் குளம் வெட்டி இறால் வளர்க்கும் பண்ணைகள் கடற்கரை நெடுகப் பெருகின. நோய் வந்தது, நிலத்தடி நீர் உப்பாயிற்று, வழக்கு வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைகளுக்குத் தடை விதித்தது. பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பண்ணைகளைப் பதிவு செய்யச் சொன்னது. ஆக, குளத்து இறாலுக்குப் பதிவெண் உண்டு. கழி தானாக வளர்த்துக் கொடுத்த இறாலுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

ஒவ்வொன்றாக வந்தவை

1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் முடிந்தது. சென்னையின் தாகம் தீர்ந்தது. கொசஸ்தலையில் கீழே வரும் நல்ல தண்ணீர் குறைந்தது. 1969-இல் மணலி சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1970-களின் தொடக்கத்தில் எண்ணூர் அனல் மின் நிலையம் வந்தது. அது 2017-இல் மூடப்பட்டது. 1990-களின் நடுவில் வட சென்னை அனல் மின் நிலையம். அதன் சாம்பல் குழாய்கள் கழியைத் தாண்டிப் போகின்றன. குழாய் கசிந்த இடங்களில் சாம்பல் படிந்து ஆற்றின் தரை மேடானது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். 2014-இல் அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியது. 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம். அதையடுத்துக் கப்பல் கட்டும் தளத்தோடு கூடிய காட்டுப்பள்ளித் துறைமுகம். அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2018-இல் அத்துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது.

இவற்றில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் கரையேற்றியவர்கள் நம் சங்கத்தில் ஏராளம். அந்த மின்சாரத்தில் படித்தவன்தான் நானும். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனி கோப்பு, தனித்தனி அனுமதி. ஒவ்வொரு கோப்பிலும் நிலம் எத்தனை ஏக்கர், செலவு எத்தனை கோடி, வேலை எத்தனை பேருக்கு என்று இருந்தது. இறால் எத்தனை கிலோ குறையும் என்ற கேள்விக்கு விடை சொல்ல யாரிடமும் பழைய புத்தகம் இல்லை. நேற்று எவ்வளவு இருந்தது என்று எழுதி வைக்காதவன், இன்று எவ்வளவு போயிற்று என்று எப்படிச் சொல்வான்? "எங்க தாத்தா காலத்துல கூடை கூடையா வரும் சார்" என்றால், அதிகாரி எழுதிக்கொள்ள அதில் எண் இல்லையே!

அண்மைக் காலத்தில் தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிப்பி இனம் கழியின் தரையில் பாய் விரித்தாற்போல் பரவியிருக்கிறது. 'காக்கா ஆழி' என்று மீனவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அது பரவிய இடத்தில் இறால் பதுங்கச் சேறு கிடைப்பதில்லை. இறங்கித் தடவுகிற கைக்கும் காலுக்கும் கீறல்தான் மிச்சம்.

எண்ணெய் வந்த டிசம்பர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து கொசஸ்தலையிலும் எண்ணூர்க் கழியிலும் பரவியது. படகு, வலை, கண்டல் மரம், கூழைக்கடாவின் இறகு எல்லாம் கறுத்தன. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியபோதும் வாளியால் அள்ளிய காட்சியைப் பார்த்தோம். இந்த முறை அது கழிக்குள்ளேயே வந்துவிட்டது.

அரசு நிவாரணம் அறிவித்தது: பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய். கழியை நம்பிய குடும்பங்களின் எண்ணிக்கை இத்தனை தெளிவாக வெளிவந்ததே ஒரு விபத்தின் பின்னால்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். ஒரு குடும்பம் மாதம் எவ்வளவு பிடித்தது, எத்தனை மாதம் தொழில் கெட்டது என்று பார்த்துத் தொகை போட ஆதாரம் வேண்டும். அது இல்லாதபோது எல்லோருக்கும் ஒரே தொகை. படகு இருப்பவருக்குப் படகே ஆதாரம். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளப் பெண்ணுக்கு எது ஆதாரம்? பறியைத் தூக்கிக் காட்டவா முடியும்?

இன்றைய மாணவர்களுக்கு

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியில் ஒருமுறையும், 2023 செப்டம்பரில் ஒருமுறையும் அறிவித்து ஒத்திவைக்கப்பட்டது. துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நம் சங்கத்திலேயே இரண்டு கட்சி உண்டு. விருந்து மேசையில் அந்த வாதம் நடக்கட்டும். ஆனால் எந்தக் கட்சியாக இருந்தாலும், இழப்பு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு பேசுவதுதானே படித்தவர்களுக்கு அழகு?

2011-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையே, மீனவ ஊர்களின் பொதுச் சொத்துகளையும் மீன்பிடி இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. குறிப்பதற்குத் தகவல் யார் கொடுப்பது? இங்கேதான் நம் கல்லூரிக்கு வேலை இருக்கிறது. பெரிய நிதி வேண்டாம். விலங்கியல் துறை மாணவர்கள் நாலு பேர், வரலாறு, பொருளியல் மாணவர்கள் நாலு பேர். ஒரு தராசு, ஒரு நோட்டு. முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் போய் அனுமதி கேளுங்கள். வாரம் ஒரு நாள், கரைக்கு மீன் வரும் நேரத்தில் நில்லுங்கள். என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை, எந்த வலை, வலையா கையா, ஆணா பெண்ணா என்று எழுதுங்கள். முகத்துவாரம் திறந்திருந்ததா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பாதியை நம் நூலகத்தில் வையுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு முழுப் பிரதியை ஊர்க்காரர்கள் கையிலேயே கொடுங்கள், பால் சங்கத்து அட்டை மாதிரி. அது அவர்கள் கணக்கு.

ஒரு வருஷம் போதாது. மழை ஒரு வருஷம் போல இன்னொரு வருஷம் இருக்காது. மூன்று வருஷம் தொடர்ந்தால் ஒரு பட்ட வகுப்பு முழுதும் அதில் பங்கெடுத்திருக்கும். நோட்டு எழுதினால் மீன் கூடிவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அடுத்த முறை ஒரு அதிகாரியோ நீதிபதியோ "எவ்வளவு?" என்று கேட்கும்போது, காட்டுக்குப்பத்துக்காரரும் இருளப் பெண்மணியும் தேதி போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டலாம்.

நோட்டும் தராசும் வாங்க ஆகும் செலவை எங்கள் பேட்ச் நண்பர்கள் ஏற்றுக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். விருப்பமுள்ள மாணவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். மீனின் தமிழ்ப் பெயர்களைக் கரையிலேயே அம்மாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிரிப்பார்கள், ஆனால் சொல்லிக்கொடுப்பார்கள்.